வாயைக் கட்டாமல், வயிற்றைக் கட்டாமல் காசு சேர்ப்பது எப்படி?



வருடா வருடம் ஒக்டோபர் 31 ஆம் திகதி உலக சேமிப்பு தினம் வருகிறது. 1924 ஆம் ஆண்டு இத்தாலி நாட்டு மிலான் நகரில் கூடிய சேமிப்பு வங்கிகளின் மாநாட்டில் பிறந்தது இந்த நாள். அந்த நாளில் பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சேமிப்பைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பார்கள். ஆனால் அதே பேச்சை நாங்கள் லயத்துக்கு வந்து பேசினால் என்ன பதில் வரும் என்று எங்களுக்குத் தெரியும். "இருந்தாத்தானே சேமிக்கிறதுக்கு? பத்தாம் தேதி வாங்குற சம்பளம் இருபதாம் தேதி வரைக்கும் வந்தா பெரிய விசயம்" என்பீர்கள்.

அது பொய்யில்லை. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாயானது. அடுத்த வருடமே விலைவாசி மலை ஏறியது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருள்களுக்கு மட்டும் பார்த்தால் 94.9 வீதம். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய்க்கு உயர்ந்தபோது, அந்த உயர்வில் பெரும்பகுதியைக் கடைச் சாமானே முன்கூட்டித் தின்றுவிட்டிருந்தது. சம்பளம் போதுமா போதாதா என்பது தொழிற்சங்கமும் கம்பனியும் அரசாங்கமும் பேசித் தீர்க்க வேண்டிய காரியம். சிக்கனமாய் இருந்தால் சம்பள உயர்வு தேவையில்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. வருகிற காசில் கையை விட்டு நழுவுகிறது எவ்வளவு, அதில் எவ்வளவைப் பிடித்து நிறுத்தலாம் என்பது மட்டும்தான் இந்தப் பாடம்.

கடன் எங்கிருந்து வந்தது?

எங்கள் பாட்டன் பூட்டன் இந்த மலைக்கு வந்தபோதே கடனோடுதான் வந்தார்கள். ஊரில் கங்காணி கொடுத்த முன்பணம், வழிச் செலவு எல்லாம் அவர்கள் பேரில் கணக்காக ஏறியது. தோட்டத்தில் அரிசியைக் கொடுத்து அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்தார்கள். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், "இவருக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் விடுவோம்" என்று ஒரு காகிதம் எழுதிக் கொடுப்பார்கள். அதற்குப் பேர் 'துண்டு'. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டும். அது மறுபடியும் தொழிலாளியின் தலையிலேயே ஏறும். ஆள் இடம் மாறுவான், கடன் மாறாது. இந்தத் துண்டு முறையை 1921 ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது.

துண்டு ஒழிந்து நூறு வருடம் தாண்டிவிட்டது. ஆனாலும் கடைக் கொப்பி, மீட்டர் வட்டி, அடகுச் சீட்டு என்று வேறு வேறு பேரில் அது நம்ம காம்பராவுக்குள்ளே இருக்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைக்கு வலிப்பு வந்தால் வேன் பிடித்து நாவலப்பிட்டிக்கோ நுவரெலியாவுக்கோ ஓட வேண்டும். அந்த நேரத்தில் கையில் ஐயாயிரம் ரூபாய் இருக்கிற வீடு வேனைக் கூப்பிடும். இல்லாத வீடு முதலில் வட்டிக்காரரைத்தான் கூப்பிடும். சேமிப்பு என்பது இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்.

முதல் விதி: சாப்பாட்டில் கை வைக்காதீங்க

சிக்கனம் என்றவுடனே நம்ம தாய்மார் செய்கிற முதல் காரியம், தன் தட்டில் குறைத்துக்கொள்வது. புருசனுக்கும் பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டு, மிச்சமிருந்த ரொட்டித் துண்டோடு மலைக்குப் போவது. இது சேமிப்பே இல்லை. இன்றைக்கு மிச்சம் பிடித்த காசு நாளைக்கு மருந்துக்கும், பேர் விழாத நாளுக்கும் போய்விடும்.

2016 ஆம் ஆண்டு நாடு முழுவதும் எடுத்த குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் மட்டும் நூற்றுக்கு 31 பேருக்கு மேல். ஆகவே முட்டை, பருப்பு, பயறு, கடலை, நெத்தலி, கீரை, பிள்ளைக்குப் பால் ஆகியவற்றில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

காசு செலவில்லாத ஒரு காரியமும் உண்டு. சாப்பிட்ட உடனே தேத்தண்ணி குடித்தால் சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்க. சாப்பாட்டோடு கொஞ்சம் தேசிக்காய்ப் புளி சேர்த்தால் அதே கீரையிலிருந்து கூடுதல் சத்துக் கிடைக்கும். கர்ப்பிணித் தாய்க்கும் எடை குறைந்த பிள்ளைக்கும் கிளினிக்கில் திரிபோஷ கொடுத்தால், அதை அவர்களுக்கே கொடுங்க. வீட்டில் எல்லோருக்கும் பங்கு போட்டால் யாருக்குமே பிரயோசனமில்லை.

இப்போதே ஒரு சேமிப்பு இருக்கிறது, தெரியுமா?

"எங்களிடம் சேமிப்பே இல்லை" என்று சொல்கிறவர்கள் சம்பளத் துண்டை எடுத்துப் பாருங்க. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958 இல் வந்தது. அதன்படி குறைந்தது நீங்கள் 8 வீதமும் தோட்டம் 12 வீதமும் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் தனியாக 3 வீதம் கட்டும். சம்பளம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

உங்கள் பங்கு 2,400 ரூபாய்.
தோட்டத்தின் பங்கு 3,600 ரூபாய்.
நம்பிக்கை நிதி 900 ரூபாய்.
மொத்தம் 6,900 ரூபாய்.

ஒவ்வொரு மாதமும் உங்கள் பேரில் சேர்கிற காசு இது. ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் வேலையை விடும்போது சேமலாப நிதியை எடுக்கலாம். 1983 ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் சேவைக்காலப் பணமும் உண்டு.

இதில் நாங்கள் அடிக்கடி பார்க்கிற சிக்கல் ஒன்று. செக்ரோலில் ஒரு பேர், அடையாள அட்டையில் இன்னொரு பேர். செக்ரோலில் 'ராமாயி', அடையாள அட்டையில் 'இராமாயி'. சில பேருக்குத் தகப்பன் பேரே மாறியிருக்கும். வேலை செய்கிற காலத்தில் இதனால் ஒன்றும் ஆகாது. காசு எடுக்கப் போகும்போதுதான் மாதக் கணக்கில் அலைய வைக்கும். இந்த மாதமே ஒரு நாள், அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு தோட்டக் காரியாலயத்துக்குப் போய், பேரும் அங்கத்துவ இலக்கமும் சரியா என்று பாருங்க. ஒரு சதம் செலவில்லாமல் உங்கள் பெரிய சேமிப்பைக் காப்பாற்றுகிற வேலை இது.

ஒரு கொப்பி, ஒரு பேனை

காசு எங்கே போகிறது என்று தெரியாமல் அதை நிறுத்த முடியாது. ஜப்பான் நாட்டில் ஹானி மொட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904 ஆம் ஆண்டிலேயே வீட்டுக் கணக்குப் புத்தகம் ஒன்றை அச்சிட்டுக் கொடுத்தார். அந்த நாட்டுப் பெண்கள் நூறு வருடத்துக்கு மேலாக அந்த மாதிரிப் புத்தகத்தில் வரவு செலவு எழுதுகிறார்கள். நமக்கு அச்சடித்த புத்தகம் தேவையில்லை. பிள்ளையின் பழைய கொப்பியில் மிச்சமிருக்கிற கடதாசி போதும்.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அன்றைய செலவைப் பிள்ளையை விட்டே எழுதச் சொல்லுங்க. பிள்ளைக்குக் கணக்கும் பழகும். நாலு பிரிவு போதும்: சாப்பாடு, பிள்ளைகள், கடனும் சீட்டும், மற்றது. வெத்தில, ரீலோட், பணிஸ், பஸ் காசு எல்லாம் 'மற்றது'. ஒரு மாதம் எழுதிப் பார்த்தால் இந்த 'மற்றது' எவ்வளவு பெரிசு என்று நீங்களே வாயில் கை வைப்பீங்க.

நாளுக்கு 50 ரூபாய் சின்னக் காசுதான். மாதத்துக்கு 1,500. வருடத்துக்கு 18,000 ரூபாய்க்கு மேல். ஒரு பிள்ளையின் சப்பாத்து, பை, கொப்பி வாங்குகிற காசை நாம் சின்னக் காசு என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

கடைக் கொப்பி

கடைக்காரர் நல்லவராக இருக்கலாம். அவசரத்துக்குக் கைகொடுக்கிறவரும் அவர்தான். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் கொப்பியில் எழுதி வாங்கும்போது விலை கேட்கிறோமா? "இது என்ன விலை? அங்கே குறைவாக இருக்கே" என்று சொல்ல வாய் வருமா? கடன்பட்ட வாய் பேசாது. ஒரு சாமானுக்கு 15 ரூபாய் கூடினால், மாதத்தில் அறுபது தடவை வாங்குகிற வீட்டுக்கு 900 ரூபாய் கூடிவிடும்.

கொப்பியை ஒரே நாளில் மூட முடியாது. இப்படிச் செய்யலாம். முதல் மாதம் அரிசி, மா, பருப்பு, சீனி இந்த நான்கை மட்டும் சம்பளத்தன்று கைக்காசுக்கு வாங்குங்க. மற்றதெல்லாம் கொப்பியிலேயே இருக்கட்டும். இரண்டாம் மாதம் தேங்காய் எண்ணெய், சவர்க்காரம், கருவாடு ஆகியவற்றைச் சேருங்க. நாலைந்து மாதத்தில் கொப்பிக் கணக்கு பாதியாகும். கடைக்காரரும் கோபிக்க மாட்டார், ஏனென்றால் நீங்கள் கொடுக்க வேண்டியதை ஒழுங்காகக் கொடுத்துக்கொண்டே வருகிறீங்க. மாதம் முடிய அவருடைய கணக்கையும் உங்கள் கொப்பியையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்க. இது சந்தேகப்படுவதில்லை, கணக்கு.

இன்னொரு வழியும் உண்டு. ஒரு லயத்தில் ஐந்து குடும்பம் சேர்ந்து ஒரு மூட்டை அரிசியை டவுனில் வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். ஆட்டோக் கூலியும் ஐந்தாகப் பிரியும். தராசு ஒன்று வேண்டும். அதைவிட முக்கியமாக, அளக்கிற ஆள் எல்லோருக்கும் நம்பிக்கையானவராக இருக்க வேண்டும்.

அடுப்படியில் மிச்சம்

முதலில் பக்கெட் கணக்கு. மிளகாய்த்தூள், மஞ்சள், சவர்க்காரத்தூள், சம்பு எல்லாம் சின்னப் பக்கெட்டில் வாங்கினால் கையில் காசு குறைவாகக் கேட்கும், கணக்கில் கூடக் கேட்கும். ஒரு கணக்குக்காகச் சொல்கிறோம்: 50 கிராம் 60 ரூபாய் என்றால் கிலோ 1,200 ரூபாய். 250 கிராம் 250 ரூபாய் என்றால் கிலோ 1,000 ரூபாய்தான். அடுத்த முறை கடைக்குப் போகும்போது உங்கள் கடை விலையை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்க. எல்லாச் சாமானிலும் பெரியது மலிவாக இருக்காது; போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது விறகு. விறகுக்குக் காசில்லை என்று நினைக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அரை நாள் விறகு பொறுக்கிச் சுமக்கிறதும் செலவுதான், முதுகு கொடுக்கிற செலவு. மூன்று கல் அடுப்பில் சூட்டில் பெரும்பகுதி வெளியே போகும். 'அனகி' என்று சொல்லுகிற இரண்டு பானை வைக்கும் மண் அடுப்பு 1980களில் நம் நாட்டிலேயே உருவானது. ஒரு தீயில் சோறும் கறியும் ஆகும்; விறகும் புகையும் குறையும். அந்த அடுப்பு இல்லாவிட்டாலும், மூடி போட்டுச் சமைப்பது, பருப்பை அரை மணித்தியாலம், பயறு கடலையை முதல் நாள் ராத்திரி ஊறப்போடுவது, விறகை அடுப்புக்கு மேலே பரணில் காயவைப்பது, இந்த மூன்றும் எந்த வீட்டிலும் முடியும்.

மூன்றாவது தோட்டம். பெரிய தோட்டத்தைச் சொல்லவில்லை, காம்பராவுக்குப் பின்னால் இருக்கிற சின்னத் தோட்டத்தைச் சொல்கிறோம். கொத்மலைப் பக்கம் மண்ணும் மழையும் கடவுள் கொடுத்த சொத்து. ஒரு சௌசௌக் கொடியைப் பந்தலில் ஏற்றிவிட்டால் காயும் தரும், அதன் கொழுந்தும் கறிக்காகும். போஞ்சி, முள்ளங்கி, வல்லாரை, லீக்ஸ், கொத்தமல்லி எல்லாம் பழைய உரப்பையில் மண் நிரப்பிக்கூட வளரும். கீரையும் போஞ்சியும் வீட்டிலேயே இருந்தால் வாரத்தில் மூன்று நாள் காய்கறிக் காசு மிச்சம். மருந்தடிக்காத காயைப் பிள்ளை சாப்பிடுகிறது என்ற நிம்மதி வேறு. சரிவில் மண்ணை ஆழமாக வெட்டி மேடையாக்க வேண்டாம். மழைக்காலத்தில் மண் இறங்கும்.

மாடு வைத்திருக்கிற வீடுகளுக்கு ஒரு வார்த்தை. காலையில் பாலெல்லாம் விற்றுவிட்டு, அந்தக் காசில் சாயந்திரம் பால்மாப் பக்கெட் வாங்குவது நடக்கிறது. விற்கிற பாலில் பிள்ளைக்கு ஒரு தம்ளர் முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தைச் சேகரிப்பு நிலையத்துக்குக் கொடுங்க.

கரண்ட் பில்லைத் திருப்பிப் பாருங்க

வீட்டு மின்சாரத்தில் 60 அலகு ஒரு எல்லைக்கோடு. மாதம் 60 அலகுக்குள் நின்றால் விலை குறைவு. 60 ஐத் தாண்டினால், தாண்டின அலகுக்கு மட்டும் விலை கூடுவதில்லை; முதல் அலகிலிருந்தே வேறு விலைக் கணக்கு, நிலையான கட்டணமும் கூடும். 58 அலகு எரித்த வீட்டுக்கும் 63 அலகு எரித்த வீட்டுக்கும் பில்லில் பெரிய வித்தியாசம் வருவது இதனால்தான்.

60 வொட் குண்டு பல்ப் ஒரு நாளைக்கு ஐந்து மணித்தியாலம் எரிந்தால் மாதம் 9 அலகு. அதே வெளிச்சத்துக்கு 9 வொட் எல்.ஈ.டி பல்ப் போட்டால் மாதம் ஒன்றரை அலகுகூட இல்லை. மூன்று பல்ப் மாற்றினால் ஏறக்குறைய 23 அலகு குறையும். வெளிச்சத்தில் ஒரு குறையும் இல்லை, பிள்ளை படிக்கிறதும் நிற்காது. 1,000 வொட் அயன் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு அலகு. தினம் ஒரு சட்டையாகத் தேய்க்காமல், ஞாயிற்றுக்கிழமை ஒரே சூட்டில் வாரத்துக்கும் தேய்த்து வையுங்க.

இலவசமாகக் கிடைப்பதை விடாதீங்க

அரசாங்கப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு 1980 முதல் பாடப்புத்தகமும் 1993 முதல் சீருடைத் துணியும் இலவசம் என்றாகியது. அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியம் இலவசம். தடிமன் காய்ச்சலுக்கு முதலில் தனியார் டிஸ்பென்சரிக்கு ஓடுகிற பழக்கத்தை மாற்றலாம். பிரசர், சீனி வருத்தம் உள்ளவர்கள் கிளினிக் கொப்பியை வைத்துக்கொண்டு மாதா மாதம் மருந்து எடுங்க. மருந்தை விட்டுவிட்டுப் பிறகு படுக்கையில் விழுந்தால் அதுதான் பெரிய செலவு. 2023 இல் ஆரம்பித்த அஸ்வெசும உதவிக்குத் தகுதி இருந்தும் பேர் இல்லாத குடும்பங்கள் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் விசாரியுங்க.

தீபாவளியும் சடங்கும்

"பண்டிகையைக் கொண்டாடாதீங்க" என்று நாங்கள் சொல்ல மாட்டோம். வருடம் முழுக்க மழையிலும் பனியிலும் கொழுந்து எடுக்கிற மனிதருக்குப் பிள்ளைக்குப் புதுத்துணி எடுத்துக் கொடுக்கிற ஒரு நாள் வேண்டும். சந்தோசம் இல்லாத சிக்கனம் ஒரு மாதம்கூட நிற்காது. கேள்வி என்னவென்றால், அந்த ஒரு நாளுக்கு எத்தனை மாதம் விலை கொடுக்கிறோம்?

தீபாவளி முற்பணம் 20,000 ரூபாய் எடுத்து, பத்து மாதத்தில் திருப்பிக் கொடுக்கிறீங்க என்று வையுங்க. மாதம் 2,000 சம்பளத்தில் வெட்டு விழும். அந்த 2,000 குறைவதால் கடைக் கொப்பி ஏறும். கொப்பி ஏறுவதால் அடுத்த தீபாவளிக்கும் முற்பணம் எடுக்காமல் முடியாது. சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சக்கரத்தை நிறுத்த ஒரு வழி: தீபாவளி முடிந்த அடுத்த வாரத்திலிருந்தே வாரம் 400 ரூபாய் தனியாகப் போடுங்க. ஐம்பது வாரத்தில் 20,000 ரூபாய். முற்பணத்துக்கு வெட்டு விழுகிற முதல் வருடத்தில் 400 முடியாவிட்டால் 100 போடுங்க. அடுத்த முறை முற்பணத்தில் 5,000 குறைத்து எடுக்கலாம். அதற்கடுத்த வருடம் இன்னும் குறையும். துணியைத் தீபாவளிக்கு முந்தின வாரம் எடுக்காமல், ஒரு மாதம் முன்பே நெரிசலில்லாத நேரத்தில் எடுத்தால் விலை கேட்டு வாங்கலாம்.

சடங்கு, கல்யாணம், திருவிழா எல்லாவற்றுக்கும் இதே கதைதான். மொய் வரும் என்று நம்பி வட்டிக்கு வாங்காதீங்க. மொய் நாம் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன்தான். லயத்தில் எல்லோரும் கூடிப் பேசி, "நாலு கறி போதும், வீடியோ வேண்டாம்" என்று ஒரு கட்டுப்பாடு வைத்தால், யாருக்கும் தனியாக வெட்கம் இருக்காது. ஒருத்தர் குறைத்தால் கஞ்சன் என்பார்கள். எல்லோரும் குறைத்தால் அது வழக்கமாகிவிடும்.

தண்ணி, வெத்தில, ரீலோட்

இதைப் பேசினால் சில பேருக்குக் கோபம் வரும். ஆனாலும் பேசாமல் விட முடியாது. ஒரேயடியாக நிறுத்துங்க என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? செலவை எழுதுங்க என்று மட்டும் கேட்கிறோம். தண்ணிக்கும் சிகரெட்டுக்கும் போன காசை அதே கொப்பியில், அதே பேனையால், மறைக்காமல் எழுதுங்க. மாதக் கடைசியில் கூட்டிப் பாருங்க. அதற்குப் பக்கத்தில் பிள்ளையின் டியூசன் காசையும் எழுதுங்க. இரண்டு எண்ணும் பேசிக்கொள்ளட்டும், நாங்கள் பேசத் தேவையில்லை. போன் ரீலோட்டும் அப்படித்தான்: நூறு நூறாகப் போடுகிற தம்பிமார், மாதத்துக்கு மொத்தம் எவ்வளவு என்று பார்த்து, மாதப் பக்கேஜ் ஒன்றோடு ஒத்துப் பாருங்க.

சீட்டு நல்லதா? வட்டி எவ்வளவு?

நம்ம பெண்களின் பழைய வங்கி சீட்டு. பத்துப் பேர், மாதம் 2,000 வீதம் போட்டால், ஒருவருக்கு ஒரு தடவை 20,000 கிடைக்கும். வட்டி இல்லை. கையில் நிற்காத காசை மொத்தமாக்கிக் கொடுக்கிறது. ஒரே பயம், முதலில் எடுத்தவர் பிறகு கட்டாமல் போவது. ஆகவே தெரிந்த ஆட்களோடு மட்டும் பிடியுங்க. யார் எந்த மாதம் என்பதை எழுதிக் கையெழுத்து வாங்குங்க. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சீட்டில் மாட்டிக்கொள்ளாதீங்க.

வட்டிக் கணக்கை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 'நூத்துக்குப் பத்து' என்று சொல்லுவது மாதத்துக்கு. 10,000 வாங்கினால் மாதம் 1,000 வட்டி. வருடத்தில் 12,000 வட்டி கட்டிய பிறகும், முதல் 10,000 அப்படியே நிற்கும். வாரத்துக்கு வாரம் குழுவாகக் கொடுக்கிற நுண்கடனிலும், கையெழுத்துப் போடும் முன், "மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும்?" என்ற ஒரே கேள்வியைக் கேளுங்க. அந்த எண்ணைச் சொல்லாத இடத்தில் கையெழுத்து வேண்டாம். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுப்பது, கிணற்றிலிருந்து ஏறி ஆற்றில் விழுகிற மாதிரி. நகையை வைத்தே ஆக வேண்டும் என்றால், வங்கியில் வட்டியை விசாரித்துவிட்டு வையுங்க. ஏ.டி.எம் கார்டையும் அதன் இலக்கத்தையும் எவரிடமும் ஈடாகக் கொடுக்கவே கூடாது.

கூட்டுச் சேமிப்பு நம் மலைக்குப் புதிதில்லை. 1906 ஆம் ஆண்டு, பக்கத்துக் கண்டி மாவட்டத் தெல்தெனியாவில் இந்த நாட்டின் முதல் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. உங்கள் தோட்டத்தில் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் இயங்கினால் அதில் அங்கத்தவராகி, கூட்டத்துக்கும் போங்க, கணக்கறிக்கையையும் கேளுங்க.

சேர்த்த காசு எங்கே இருக்க வேண்டும்?

அரிசிப் பானையிலும் தலையணை உறையிலும் இருக்கிற காசு, கேட்கிற கைக்கெல்லாம் போகும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின் மழையில் கொத்மலைப் பக்கமும் மலைநாடெங்கும் மண்சரிந்து வீடுகள் போனதைக் கண்டோம். வீட்டோடு போன காசு திரும்பாது. வங்கியில் இருந்த காசு புத்தகம் தொலைந்தாலும் போகாது. வங்கிக் கணக்கு இலக்கம், சேமலாப நிதி இலக்கம், அடையாள அட்டை இலக்கம் மூன்றையும் ஒரு கடதாசியில் எழுதி, பிறப்புச் சான்றிதழ்களோடு ஒரு பொலித்தீன் பையில் கட்டி, சட்டென்று எடுக்கிற இடத்தில் வையுங்க. பிரதி ஒன்றை வேறு ஊரில் உள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்க.

வங்கி தூரம் என்பவர்களுக்குத் தபாற்கந்தோர் இருக்கிறது. 1885 இல் ஆரம்பித்த தபால் சேமிப்பு வங்கி, 1972 இல் தேசிய சேமிப்பு வங்கியோடு சேர்ந்தது. இன்றைக்கும் தபாற்கந்தோரில் அந்த வங்கிக் கணக்கைத் திறக்கலாம், காசு போடலாம். அந்த வங்கியில் போடுகிற காசுக்கும் அதன் வட்டிக்கும் அரசாங்கமே உத்தரவாதம்.

தாய்மாரே, கணக்கு உங்கள் பேரிலும் இருக்கட்டும். தோட்டங்களில் பெண்ணுக்கும் ஆணுக்கும் சம நாட்சம்பளம் வந்தது 1984 இல்தான். உழைப்பு சமமானது போல, காசின் மேல் உள்ள பேச்சும் சமமாக வேண்டும். புருசனும் பெண்சாதியும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிற வீட்டில்தான் காசு நிற்கிறது.

எவ்வளவு சேர்க்க வேண்டும்? முதல் இலக்கு 10,000 ரூபாய். இது ராத்திரி வேனுக்கும் வைத்தியசாலைக்கும் மட்டும், தீபாவளிக்குத் தொடக்கூடாது. அது சேர்ந்தபின் ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவு. மிச்சம் பிடித்துச் சேமிப்போம் என்று இருந்தால் மிச்சம் வராது. சம்பளம் வந்த அன்றே, கடைக்குப் போகும் முன், 500 ரூபாயை எடுத்து வைத்துவிட்டுப் பிறகு செலவைத் தொடங்குங்க.

இந்த மாதம் செய்து பாருங்கள்

முதல் வாரம்: கொப்பி போட்டுத் தினமும் செலவை எழுதுங்க. ஒன்றையும் குறைக்க வேண்டாம்.

இரண்டாம் வாரம்: 'மற்றது' என்ற பிரிவிலிருந்து ஒரே ஒரு செலவைத் தெரிவு செய்து பாதியாக்குங்க. எதை என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து தீர்மானியுங்க.

மூன்றாம் வாரம்: குண்டு பல்ப் ஒன்றை மாற்றுங்க, ஒரு உரப்பையில் கீரை போடுங்க.

நான்காம் வாரம்: சம்பளத் துண்டையும் அடையாள அட்டையையும் ஒத்துப் பாருங்க, மிச்சமான காசைக் கணக்கில் போடுங்க. அதில் ஒரு சின்னப் பங்கை எடுத்துப் பிள்ளைகளுக்குப் பிடித்த ஒன்று வாங்கிக் கொடுங்க. சிக்கனத்தின் ருசி அவர்களுக்கும் தெரியட்டும்.

எழுதத் தெரியாதவர்கள், கணக்கில் சந்தேகம் உள்ளவர்கள், வங்கிக் கணக்குத் திறக்க உதவி தேவையானவர்கள் கொப்பியோடு நலன்புரிக் காரியாலயத்துக்கு வாங்க. கடன் எவ்வளவு என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். சொன்னது எங்களைத் தாண்டிப் போகாது. நூறு வருடத்துக்கு முன்னே ஒரு துண்டுக் காகிதம் நம்ம ஆட்களைக் கட்டிப்போட்டது. நம்ம பிள்ளைகள் கையில் கடன் துண்டு இல்லாமல் ஒரு வங்கிப் புத்தகம் இருக்க வேண்டும். அதற்கு இந்தப் பத்தாம் தேதியே ஆரம்பிப்போம்.